சீல் பிரிக்காத கவர்

வடசேரியில் ஒரு மருந்துக் கடையிலிருந்து பார்சல் எடுத்து, ஒழுகினசேரியில் ஒரு வீட்டில் கொடுத்தேன். மூன்றாம் நாள் டெலிவரி ஆப்பைத் திறந்தால் என் ஐடி முடக்கப்பட்டிருந்தது. ‘தவறான மருந்து கொடுத்ததாகப் புகார்.’ அவ்வளவுதான். உதவி எண்ணில் பதிவு செய்த குரல் மட்டும் பேசியது. டெலிவரிப் பெண்ணாக இரண்டு வருஷமாக மழை வெயில் பாராமல் ஸ்கூட்டர் ஓட்டியிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேரே அந்த வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவள் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா. என்னைக் கண்டதும் கத்தினாள்.

“எங்க அத்தைக்க பிரஷர் மாத்திரைய மாத்தித் தந்தது நீதானா? தலை சுத்தி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தாவ, தெரியுமா?”

“சீல் வச்ச கவரை அப்படியே கொண்டு வந்தேன்க்கா. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கடையில் பார்சல் வாங்கியதும் சீலோடு நான் எடுத்த போட்டோவைக் காட்டினேன். அவளும் கவரை எறியாமல் வைத்திருந்தாள். பில்லில் சரியான மாத்திரைப் பெயர், உள்ளே இருந்த அட்டையில் வேறு பெயர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவளுக்குக் கோபம் திசை மாறியது.

“அப்போ எனக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஒன்ன மாட்டி விட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டானா?”

கடை மேலும் ஆப் கம்பெனி மேலும் அவள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள். நான் சாட்சி. “வேற எந்த ஆப்லயும் ஒன்னச் சேக்க மாட்டான்” என்று வீட்டில் பயந்தார்கள். எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

விசாரணையில் கம்பெனி வக்கீல், “டெலிவரி செய்தவர் எங்கள் ஊழியரே இல்லை” என்றார். வக்கீல் வைக்காமல் தானே வாதாடிய அக்கா எழுந்தாள்.

“ஒங்க ஆளு இல்லன்னா, அவள நிறுத்துனது யாரு சார்?”

அவர் ஃபைலைப் புரட்டினார்.

கடையும் கம்பெனியும் பொறுப்பு, பார்சல் கொண்டுவந்தவர் மேல் தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் ஐடியைத் திறக்கச் சொல்ல அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லையாம். தீர்ப்பு நகலை இணைத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அங்கிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் போன பிறகு ஐடி தானாகத் திறந்தது, காரணம் எதுவும் சொல்லாமல்.

“அதான் திறந்தாச்சே, மனுவ வாபஸ் வாங்கிடுங்க” என்றார் தொழிலாளர் அலுவலக விசாரணைக்கு வந்த கம்பெனி ஆள்.

“எதுக்கு நிறுத்துனீங்க, விசாரிக்காம இனி யாரையும் நிறுத்த மாட்டீங்களான்னு எழுதித் தாங்க. பொறவு பாக்கலாம்.”

விசாரித்த அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த விசாரணை செவ்வாய்க்கிழமை. இதே மாதிரி ஐடி போன இரண்டு பேர் தங்கள் மனுக்களோடு என்கூட வருகிறார்கள்.