பேலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் போட்டவன்

என் சட்டையை நான் இஸ்திரி போட்டதே இல்லை. ஆனால் எக்செல்லில் ஒரு கட்டம் கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்படியும் ஒரு பிறவி என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

தினமும் சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போய், அங்குள்ள விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். சாமை, புளி வாங்கி விற்கிற கம்பெனி. கணக்கு மென்பொருளிலிருந்து எக்செல்லுக்கு இறக்கினால் அறிக்கை தூங்கி எழுந்த முகம் மாதிரி வரும். பாதிப் பெயர்கள் வெட்டுப்பட்டிருக்கும், காரணமே இல்லாமல் நடுவில் காலி வரிசைகள் இருக்கும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மென்பொருளின் பெயரும் அச்சடித்த நேரமும் நிற்கும். நான் அதைக் குளிப்பாட்டி, தலை சீவி, பவுடர் போட்டுத்தான் வெளியே அனுப்புவேன்.

இந்த வருடம் புளி வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தோம். அது தள்ளிப்போனால் கீழேயிருந்து வியாபாரிகளின் லாரிகள் மலையேறிவிடும். அப்புறம் அவர்கள் சொன்னதுதான் விலை. அதனால் வழக்கத்தைவிட அதிகமாக உழைத்தேன். உழைத்தேன் என்றால், தலைப்புக்கு எந்தப் பச்சை பொருந்தும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். அடியில் இருந்த மென்பொருள் பெயரை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தெறிந்தேன்.

கலசப்பாக்கம் வங்கிக்குக் கையெழுத்துப் போட எங்கள் கம்பெனித் தலைவியும் வந்திருந்தார். மலையில் புளியமரங்கள் வைத்திருக்கும் அக்கா. மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகாக இருக்கிறதே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து, "இதெல்லாம் நீங்களே டைப் பண்ணதா?" என்றார்.

மென்பொருளிலிருந்து வந்ததற்கு இதில் ஒரு அடையாளமும் இல்லையாம். யார் வேண்டுமானாலும் இப்படி ஒன்றைத் தயாரிக்கலாமாம். நேராக அச்சடித்ததைக் கொண்டுவாருங்கள் என்று ஃபைலை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "இன்னா தம்பி, கணக்கு தப்பா?"

"கணக்கு சரிதான்க்கா. நான்தான் கொஞ்சம் அழகு பண்ணிட்டேன்."

அவர் திட்டவில்லை. பக்கத்து ஊரில் காலையிலேயே ஒரு லாரி வந்து நின்றதாகப் பஸ்ஸில் மெல்லச் சொன்னார். எனக்கு அழுகை வராத குறை.

மறுநாள் அந்தத் தூங்குமூஞ்சி அறிக்கையை அப்படியே அச்சடித்து எடுத்துப்போனோம். மேனேஜர் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனார். வெட்டுப்பட்ட பெயர்கள் அவரை உறுத்தவே இல்லை. கடன் கிடைத்தது. அக்கா கையெழுத்துப் போட்ட கையோடு, லாரிக்காரனுக்கு யாரும் புளி போட வேண்டாம் என்று ஊருக்கு ஃபோனில் சொன்னார். இனி எந்த அறிக்கைக்கும் மேக்கப் கிடையாது என்று நான் மனதுக்குள் சத்தியம் செய்தேன்.

கிளம்பும்போது மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். வேலூரில் அவர் குடியிருக்கும் அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளராம். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம். போன வருடக் கணக்கு ஒன்றும் புரியவில்லை என்று எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.

"நேத்து கொண்டாந்தீங்களே, அந்த மாதிரி பண்ணித் தர முடியுமா சார்?" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"பஸ்ஸு போய்டும், வாங்க தம்பி" என்று அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். நேற்றுப் பட்ட பாட்டுக்கு முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கோபமும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குள் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேப்பர் நெடுக்கா வேணுமா குறுக்கா வேணுமா என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.