முட்டியா, சைக்கிளா?

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வருஷம் சரியாக நினைவில்லை. அப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். வெளியே விடாத மழை, ரோடெல்லாம் தண்ணீர். நான் மட்டும் ஹாலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஓர் அடி கூட நகராமல்!

விஷயம் இதுதான். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள் நான். எட்டாவதோடு படிப்பு நின்றதும் கையில் எடுத்த தொழில். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் வலது முட்டியில் தசைநார் பிசகி, மெஷின் மிதிக்க முடியாமல் போய்விட்டது. கட்டுப் பிரித்த டாக்டர், "வீட்டுக்குள்ளயே சைக்கிள் மிதிங்கம்மா, முட்டிக்குப் பலம் வரும். உள்ள டக்கு டக்குனு சத்தம் வந்தா மட்டும் உடனே வாங்க, ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்" என்றார். அவ்வளவு பேசினாரே, ஆபரேஷன் என்ற ஒரு வார்த்தைதான் என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

என் வீட்டுக்காரர் தாம்பரத்தில் கிரில் பட்டறை வைத்திருந்தார். மகளின் பழைய லேடீஸ் சைக்கிளுக்கு இரும்பில் ஒரு ஸ்டாண்டு அடித்து, பின்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி மாட்டிவிட்டார். டயரை ஓர் உருளை அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்தால் மேட்டில் ஏறுவது போலக் கனக்கும்.

கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், செயின் கவர் உள்பக்கம் வளைந்து செயினை உரசிக்கொண்டிருந்தது. கையாலேயே வெளியே இழுத்துவிட்டேன், நின்றது. அது நின்ற பிறகுதான் அடியில் இன்னொரு சத்தம் இருப்பதே தெரிந்தது. டக். வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு டக்.

டாக்டர் சொன்ன அதே டக்கு டக்கா? யா அல்லாஹ், இது சைக்கிளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பெடலை முறுக்கினேன், செயினுக்கு மெஷின் எண்ணெய் விட்டேன். டக்.

தையல் மெஷினில் சத்தம் வந்தால் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்ப்போம். சத்தம் நின்றால் கோளாறு மேலே, நிற்காவிட்டால் கீழே ஸ்டாண்டில். அதே கணக்கில் சைக்கிளின் செயினைக் கழற்றிவிட்டு மிதித்தேன். டக். இறங்கி, பெடலைக் கையால் சுற்றினேன். சத்தமே இல்லை. மறுபடி ஏறி மிதித்தேன். டக்.

அப்படியானால் சத்தம் பெடலிலும் இல்லை, செயினிலும் இல்லை. மீதி இருப்பது என் கால்தான்!

செயினை மாட்டிவிட்டு, "ஏங்க, கொஞ்சம் மிதிச்சுப் பாருங்களேன், ஏதோ சத்தம் வருது" என்றேன் வீட்டுக்காரரிடம். முட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர், "இங்க ஒரே புழுக்கம்" என்று சைக்கிளை ஸ்டாண்டோடு பால்கனிக் கதவருகே இழுத்துப் போட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். சத்தமே இல்லை.

"என் வெல்டிங்ல சத்தமா? சான்ஸே இல்ல. நீயா எதையாவது நினைச்சுக்கறே" என்று சிரித்தவர், சைக்கிளைப் பழைய இடத்திலேயே தள்ளிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். நான் ஏறினேன். டக்.

சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். ஆனாலும் ஏதோ இடித்தது. முட்டியில் கையை வைத்துக்கொண்டே மிதித்தேன். காதில் கேட்ட சத்தம் கையில் தட்டுப்படவில்லை. வலியும் இல்லை. அது எப்படி? ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் இந்தக் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் தினமும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கீழ் வீட்டு டீச்சர் மேலே வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் என்ன இடிக்கிறீங்க, மசாலாவா? எங்க ஃபேன் கழண்டு விழுந்துடுமோன்னு எனக்கு உயிரே இல்ல. கட்டிலைக் கூட சுவரோரமா தள்ளிப் போட்டுட்டேன். நீங்களே உடம்பு முடியாம இருக்கீங்க, வந்து கேக்கவும் மனசு வரல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சத்தம் உங்களுக்கும் கேக்குதா டீச்சர்? கீழ வரைக்குமா?"

"நல்லாக் கேக்குது. ஏன்க்கா அழறீங்க?"

முட்டிக் கதையை முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முட்டிச் சத்தம் தளத்தைத் தாண்டி வந்தா பேப்பர்லயே போட்டுடுவாங்கக்கா! ஏறுங்க, பாத்துடலாம்."

நான் மிதித்தேன். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு டைல்ஸை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஸ்டாண்டின் வலது கால் நின்ற டைல்ஸ் மட்டும் பொக்கென்று வேறு மாதிரி ஒலித்தது.

"இதுதான்க்கா! அடியில சிமெண்ட்டே இல்ல."

வலது காலில் என் பாரம் இறங்கும்போதெல்லாம் அந்த டைல்ஸ் அமுங்கி இடித்திருக்கிறது. கையால் சுற்றியபோது பாரம் இல்லை. வீட்டுக்காரர் மிதித்தது வேறு இடம். எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

இருவருமாக ஸ்டாண்டை ஒரு சாண் நகர்த்தினோம். இன்னும் சத்தம் வருகிறதா என்று கேட்க டீச்சர் கீழே ஓடினார். நான் ஏறி மிதிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து அவர் குரல் வந்தது. "இன்னும் என்ன யோசனை? மிதிங்கக்கா!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்!" என்று கத்தினேன்.

அதைச் சொல்லும்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி வந்ததில்லை. ஆபரேஷன் இல்லாமலே முட்டி தேறி, மெஷினில் உட்கார்ந்தேன். பயம் என்னவோ என்னை விடவில்லை, அது என் பிறவிக் குணம். ஆனால் மேலே நானும் கீழே டீச்சரும் ஒரே சத்தத்துக்குத் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதனால் இப்போதெல்லாம் மனதுக்குள் ஏதாவது திக்கென்றால், பக்கத்தில் இருப்பவரிடம் "உங்களுக்கும் கேக்குதா?" என்று கேட்டுவிடுகிறேன்.