லாரிக்காரரிடம் ஒரு வார்த்தை

போன சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. இலங்கை மலையகத்தில், கொத்மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இளைஞர் மன்றத்தார் விளையாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். கயிறிழுத்தல், வழுக்குமரம் எல்லாம் மைதானத்தில். சைக்கிள் போட்டி மட்டும் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து கீழே தொழிற்சாலை வரை, ஒரே இறக்கம். பதினேழு வயது மகள் கெஞ்சியதால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். மனம் கேட்காமல் பாதையின் மோசமான வளைவில் போய் நின்றுகொண்டேன்.

அந்த வளைவில்தான் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விருப்பமானவர்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிறைந்த சாக்குகளோடு காத்திருந்தார்கள். கொழுந்து இருந்தால் ஏற்றிப்போக லாரி வரும். தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் மேலே விசில் ஊதும் வரை அது என் மண்டையில் உறைக்கவில்லை.

கீழேயிருந்து லாரி முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. மேலே பார்த்தால் எல்லோருக்கும் முன்னால் என் மகள். இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.

"ஏய், சாக்கையெல்லாம் ரோட்டுல தள்ளுங்கடி!"

காத்திருந்தவர்களில் ஓர் அம்மா போட்ட சத்தம் அது. எல்லோருமாகக் கையாலும் காலாலும் சாக்குகளைப் பாதையின் குறுக்கே தள்ளினார்கள். பிரேக் பிடித்தும் நிற்காமல் மகள் அந்தக் குவியலில் போய் விழுந்தாள். நாலு முழம் தள்ளி லாரி நின்றது. பின்னால் வந்த பிள்ளைகள் எப்படியோ சறுக்கி நிறுத்திக்கொண்டார்கள். மகளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. உயிர் இருந்தது.

மன்றத் தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணே, லீவு நாளுல லாரி வரும்னு யாருக்குங்க தெரியும்?"

நசுங்கிய கொழுந்தை அள்ளிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தார். "ஏன் தம்பி, காலையில ஒங்க அம்மாவும் எங்க கூடத்தானே மலைக்குக் கொழுந்து பறிக்க வந்தாங்க? சோறு கட்டிக் குடுத்ததே நீங்கதானாமே!"

தலைவர் தலை குனிந்தார். நானும்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அடுத்த வாரம் கூட்டம் போட்டு, இனிமேல் சைக்கிள் போட்டியே கிடையாது என்று ஐந்து நிமிடத்தில் தீர்மானித்துவிட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். பாதையை யார் பார்த்திருக்க வேண்டும், லாரியை யார் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. யோசிக்காமல் நடத்தினார்கள், யோசிக்காமலே தடுத்தும் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கட்டுப்போட்ட கையோடு மகள் கேட்டாள்: "லாரிய ஒரு அரை மணி நேரம் நிறுத்தியிருந்தா போதுமேப்பா. எங்கள ஏன் நிறுத்துறாங்க?"

லாரி ஏறும் சத்தம் கேட்டாலே மகள் எங்கே என்று இன்றும் வாசலுக்கு வந்து பார்க்கிறேன். ஆனாலும் ஆபத்தான விளையாட்டைத் தடுக்கலாமா, விடலாமா என்று யார் பேச்செடுத்தாலும், அந்தக் காலையில் நானே கேட்கத் தவறிய கேள்வியைத்தான் அவர்களிடம் கேட்கிறேன்: லாரிக்காரரிடம் சொல்லிவிட்டீர்களா?