முதுகுக்குப் பின்னே ஒரு சுவர்

பன்னிரண்டு ஸ்டூல்களில் பதினொன்று ஜன்னலைப் பார்த்திருந்தன. ஒன்று மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னல் சுவரை ஒட்டித் திரும்பிக் கிடந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கு ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளனாக இருந்தேன். கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுவது என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் விடாத வியாதி. என் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சோதனைக் கூடம். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வளையங்களை விரலில் சுழற்றிப் பிளவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடைவழி. அந்த வழியாக வரும் சூப்பர்வைசர் தோளுக்கு மேலாகக் குனிந்துதான் வேலையைச் சரிபார்ப்பார். வேலை அப்படித்தான் நடக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்; யாரும் அதைப் பற்றி யோசித்ததாகக்கூட நினைவில்லை.

திரும்பிய ஸ்டூல் மூன்றாம் மேசைப் பெண்ணுடையது. குத்தம்பாக்கம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். பயிற்சிக்கு எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் தாண்டினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று பக்கத்து மேசை அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது வெளிச்சம் பின்னாலிருந்து வந்து, அவள் நிழலே வளையத்தின் மேல் விழுந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அக்காதான் முதலில் கிண்டல் செய்தாள். "இன்னாடி, செவுத்தயே கட்டிக்கினியா?"

"செவுரு கை வைக்காதுக்கா" என்றாள் இவள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் குனிந்து வளையத்தைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். 

அந்த வாரமே அவள் சூப்பர்வைசர் மேல் புகார் கொடுத்தாள். புகார்களை விசாரிக்க எங்கள் தொழிற்சாலையிலும் ஒரு குழு இருந்தது. கேன்டீன் வாசலில் பலகையில் ஐந்து பெயர்கள். அதில் ஒருவர் வேலையை விட்டே போய்விட்டிருந்தார். தலைவியான சம்பளப் பிரிவு அம்மா அதுவரை ஒரு கூட்டம்கூடக் கூட்டியதில்லை. நரைத்த தலை ஒன்று இருக்கட்டும் என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள். குழு முதல்முறையாகக் கூடியபோது, பார்த்ததைச் சொன்னேன். "ஸ்டூலைத் திருப்பிப் போட்டதெல்லாம் ஒரு சாட்சியா சார்?" என்று மேனேஜர் கேட்டார். குழுவில் அவர் பெயர் கிடையாது. ஆனாலும் நடு நாற்காலி அவருடையது.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. "வயசுப் பொண்ணு விஷயம். நாமளே முடிவு பண்ணக் கூடாது. அப்பாவக் கூப்பிட்டுச் சொல்லிடுவோம்" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஏதாவது என்றால் பெற்றவரை வரச் சொல்வது போல. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாங்கள் மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம். மூவருக்கும் அது பொறுப்பான பேச்சாகவே பட்டது.

அவள் மட்டும் பதறினாள். "சார், ஊட்டுக்கு மட்டும் போன் போடாதீங்க சார். எங்க நைனா தப்பா பேச மாட்டாரு. ஆனா வேலைக்கு உட மாட்டாரு."

போன் போட்டார்கள். மறுநாள் காலை அவள் அப்பா வந்தார். கட்டட வேலைக்காரர், கால் விரல் இடுக்குகளில் சிமென்ட் காய்ந்திருந்தது. செருப்பை அறைக்கு வெளியே விட்டார். அவருக்கு நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. புகார் கொடுத்தவள் சுவரோரமாக நின்றாள். அறையில் காலியாக இன்னொரு நாற்காலி இருந்தது. நான் எண்ணினேன், அதில் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கைகூப்பினார். "கம்பெனி மேல கொற இல்ல சார். கூப்ட்டு சொன்னீங்களே, அதே போதும். எம்பொண்ண நான் இட்டுக்கினு போயிடறேன்."

மேனேஜர் முகத்தில் நிம்மதி. வாசலில் அப்பா செருப்பை மாட்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு ஊட்டுக்கும் போன் போட்டீங்களா சார்?"

சூப்பர்வைசருக்கு ஆவடியில் வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கே போன் போட வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஒருவர் தலையிலும் உதித்திருக்கவில்லை. 

சூப்பர்வைசருக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை. அதோடு முடிந்தது. அடுத்த திங்கள்கிழமை நான் போனபோது பன்னிரண்டு ஸ்டூல்களும் சுவரோரம் திரும்பியிருந்தன. அக்கா முதல் ஆளாக, சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் போதாமல் வேலை கெடுகிறது என்று நிர்வாகம் சொன்னது. அது பொய்யும் இல்லை. நடைவழியை மாற்றலாம், குனிந்து பார்க்கும் பழக்கத்தை நிறுத்தலாம், ஆளை மாற்றலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஸ்டூல்களைப் பழையபடி ஜன்னலைப் பார்க்க வைத்து, கால்களைத் தரையோடு போல்ட் அடித்து இறுக்கினார்கள். ஸ்டூலுக்கு நான்கு. என் ஸ்டோர்ஸிலிருந்துதான் போயின.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பூந்தமல்லி பஸ்ஸில் இப்போது அவள் வயதிருக்கும் பெண் யாராவது ஏறினால் முகத்தைப் பார்க்கிறேன். கண்டுபிடித்தால்தான் என்ன பேசுவேன்?

முகப்பேரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி வேலைக்குப் போகிறாள். அவள் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. போன வாரம் இதே விஷயத்தைப் பற்றி அலுவலகத்தில் பரீட்சை வைத்ததாகச் சொன்னாள். கம்ப்யூட்டரில் இருபது கேள்விகள், இருபதும் சரி, உடனே சான்றிதழ். யாரிடம் புகார் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் விசாரிப்பார்கள் என்று மளமளவென ஒப்பித்தாள்.

எனக்கு இருபத்தொன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. "உன் நாற்காலிக்குப் பின்னால் என்னம்மா இருக்கு?"

"நடக்கிற வழி தாத்தா. அதனாலதான் பையைப் பின்னாடி தரையில வச்சிடுவேன். யாரும் ஒட்டி வந்து நிக்க முடியாதுல்ல?" சிரித்தாள். "நான் மட்டும் இல்ல, எங்க வரிசையில நிறையப் பேர் அப்படித்தான்."

"எத்தனை பேர்?" என்றேன். எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து, மறு கைக்குப் போனாள்.