அண்ணனுக்கு யாரும் மருந்து வைக்கவில்லை

எங்கள் அண்ணன் இண்டூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பன்னிரண்டு வயதிலேயே ஏர் பிடித்து, என்னைப் படிக்கவைத்து, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார். யாரையும் சந்தேகப்படாத மனிதர். அவருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட்டேன்.

சின்ன வயதிலிருந்தே வயிறு நிறையச் சாப்பிட்டால் அவருக்கு மூச்சு வாங்கும். "வெறும் வாயு" என்று சிரித்துவிடுவார். எண்பத்து மூன்றில் காரிமங்கலத்திலிருந்து அண்ணி வந்தார். அடுத்த வருடமே இளைப்பு கூடியது. சாப்பிட்டு எழுந்தால் நெஞ்சுக்குள் கடமுடவென்று சத்தம். அண்ணி சோற்றில் மருந்து வைத்துவிட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அண்ணி அப்போதே சொன்னார்: "ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துப் பாத்தரலாம் பாப்பா. சத்தம் வயித்துல இல்ல, நெஞ்சுல கேக்குது."

இவருக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று அதையும் சந்தேகப்பட்டேன். இடுமருந்து எடுப்பவர் ஒருவரிடம் அண்ணனை அழைத்துப் போனேன். அவர் அண்ணன் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, ஒரு மயிர்ச்சுருளை இலையில் துப்பிக் காட்டினார்.

"சோத்துல வச்சிருக்காங்கம்மா. வூட்டு ஆளுதான்."

அன்று முதல் என் வீட்டிலிருந்துதான் அண்ணனுக்குச் சோறு போனது. எட்டு மாதமாகியும் சத்தம் நிற்கவில்லை. பழைய மருந்து இன்னும் இறங்கவில்லை என்றேன்.

போன வருடம், எண்பத்தைந்தில், புளி மூட்டை தூக்கியவர் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார். அண்ணிதான் வேன் பிடித்துச் சேலம் கொண்டுபோனார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத்திரையில் ஓட்டை. குடல் அதன் வழியே மேலேறி நுரையீரலை அழுத்தியிருந்தது.

"பொறவியிலயே இருக்கறதுங்க. முன்னாடியே படம் எடுத்திருந்தா தெச்சிருக்கலாம். இப்ப குடல் அழுகிருச்சு" என்றார் டாக்டர். பிறவிக் கோளாறு இத்தனை வருடம் தெரியாமலா இருக்கும் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். படத்தில் குடலை விரல் வைத்துக் காட்டினார். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். என் பிடிவாதம்தான் அவரைக் கொண்டுபோனது. இதை நினைக்காமல் ஒருநாளும் நான் தூங்குவதில்லை.

ரத்தம் கொடுத்த உறவினர்களுக்கும், வேன் ஓட்டியவருக்கும், டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பதினாறாம் நாள் அண்ணி நீட்டிய காபியை வாங்காமல் போனவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான்தான். இன்றைய திதிக்குச் சமைத்திருப்பவர் அண்ணி. முதல் இலையில் நான் உட்காருகிறேன். என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.