சிரட்டைக்கரியில் பேசிய ரேடியோ

"பேட்டரிதான் கடையிலேயே கிடைக்கிறதே, அதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஐம்பத்து நாலில் நான் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, கருங்கல் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் கரண்டு கிடையாது. வாசகசாலை ரேடியோ பேட்டரியில்தான் ஓடும். அதன் வால்வுகளைச் சூடாக்கும் பேட்டரி தீர்ந்துபோனால், புதிது வரும்வரை ரேடியோ துணியைப் போர்த்திக்கொண்டு மேசைமேல் சும்மா இருக்கும்.

காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே மின்சாரம் தரும் செல் ஒன்று உண்டு. ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் நுண்துளைகள் நிறைந்த கரிக்கட்டை, நடுவில் காஸ்டிக் சோடாக் கரைசல். அந்தக் கரியைக் கப்பலில் வரவழைத்தார்கள். எங்கள் ஊர்த் தேங்காய்ச் சிரட்டைக் கரியே போதும் என்றேன் நான். பேராசிரியர் சிரித்தார். அவர் சிரித்த பிறகு நான் விடுவேனா? லீவுக்கு வரும்போதெல்லாம் சிரட்டையைச் சுட்டு, உரலில் இடித்து, சலித்து மூட்டை கட்டினேன். ஆய்வகத்தில் அந்தப் பொடியை அழுத்திக் கட்டையாக்கினேன்.

"ஏட்டி, எம்.எஸ்ஸி. படிச்சது கரி இடிக்கவா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கரி அப்பிய என் முகத்தைப் பார்த்தால் எம்.எஸ்ஸி. படித்தவள் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

கரியின் துளைகளுக்குள் காற்று போக வேண்டும். கரைசல் போய் நிறைந்துவிடக் கூடாது. அதற்கு எண்ணெய்ப்பசை வேண்டும். எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய்தான், வேறு என்ன? அதையே பூசினேன். ஆய்வகத்தில் ஒரு மத்தியானம் முழுக்கச் செல் ஜோராக ஓடியது. பேராசிரியர்கூட மலையாளத்தில் "கொள்ளாம்" என்று மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த லீவில் செல்லை ஊருக்குக் கொண்டுவந்து வாசகசாலை ரேடியோவில் மாட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் செய்தி வாசித்த குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. செல்லின் மூடியைத் திறந்தால் ஒரே நுரை! தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம், எனக்கு உறைக்கவில்லை. வாசகசாலைச் செயலாளர் அண்ணாச்சி நுரையைத் தொடப்போனார். கை வெந்துபோகும் என்று தட்டிவிட்டேன்.

"ரேடியோ பாடல்லன்னா போட்டும் மக்கா, இந்தச் சோப்பு வச்சு வேட்டி வெளுக்கலாமுல்லா!" என்றார் அவர்.

வாசகசாலையே சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

திரும்பிப்போய்ப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். "சிரட்டைக்கரியை விட்டுவிடு. வேறு தலைப்பு தருகிறேன்" என்றார்.

"ஓணம் வரைக்கும் பொறுங்கள், சார்."

அவர் யோசித்தார். "சரி. புது செல்லை மாட்டு. ஓணம்வரை உங்கள் ஊர் ரேடியோ ஓடினால் தலைப்பு உன்னுடையது. ஒரு நாள் நின்றாலும் நான் தருவதைத்தான் செய்ய வேண்டும்."

தேங்காயெண்ணெய் சோப்பாகும், மண்ணெண்ணெய் ஆகாது. மெழுகோ மண்ணெண்ணெயின் கூடப்பிறந்தது. அவ்வளவுதான் விஷயம்! மெழுகை மண்ணெண்ணெயில் கரைத்துப் புதுக் கரிக்கட்டையை அதில் ஊறவைத்தேன். பூச்சு கூடினால் காற்று போகவில்லை. குறைந்தால் கரைசல் புகுந்தது. எத்தனை கட்டைகளைத் தூக்கி எறிந்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் ஒன்று சரியாக அமைந்தது. அதை வாசகசாலையில் மாட்டிவிட்டுத் திருவனந்தபுரம் போனவளுக்கு அங்கே சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் ரேடியோவைத்தான் விசாரிப்பேன். ஒரு நாளும் நிற்கவில்லை என்பார்கள்.

ஓணம் லீவில் பேராசிரியர் மார்த்தாண்டம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசகசாலைக்கு அழைத்துப்போனேன். உள்ளே இடமில்லாமல் வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் நேராக மேசைக்குப் போய்ச் செல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை நிறுத்துங்கள். கழற்றிக் கரியைப் பார்க்க வேண்டும்" என்றார்.

செயலாளர் அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். "சாரே, செய்தி நடக்குல்லா?"

"நான் இவளுடைய பேராசிரியர்."

"யாராயிருந்தாலும் செரி. இது எங்க பிள்ளை செஞ்சதாக்கும். அவ சொன்னா நிறுத்துகேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பொய் சொல்வானேன், டாக்டர் பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட அப்படி இல்லை.

"செய்தி முடியட்டும், சார்" என்றேன்.

பேராசிரியர் பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தார். செய்தி முடிந்து பாட்டும் தொடங்கிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"உன் தலைப்பை மாற்ற வேண்டாம்" என்றார்.

"மாற்றுவதாக நான் எப்போது சார் சொன்னேன்?" என்றேன்.