எண்ணி எண்ணிக் கொடுத்த பால்

நெவேனாவும் நானும் பெல்கிரேடில் ஒரே டிப்போவில் டிராம் ஓட்டுகிறோம். வீடும் ஒரே கட்டடம்தான். அவள் நான்காம் மாடி, நான் மூன்றாம் மாடி. தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போகிறவனை அவள் திட்ட ஆரம்பித்தால் பயணிகள் கைதட்டுவார்கள். யாருக்கும் பயப்படாதவள்.

மகள் துன்யா பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பால்கனிப் பக்கம் போகவே நடுங்கினாள். "குழந்தையோட குதிச்சிடுவேனோன்னு பயமா இருக்குக்கா" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்றே நானும் அவள் கணவன் ஒக்னியெனும் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார்கள். தினம் ஒரு மாத்திரை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், குழந்தையை மட்டும் கவனித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு வாரத்தில் கொஞ்சம் தேறினாள். அந்த நேரம் பார்த்து ஒக்னியெனின் அக்கா ஸோர்கா ஊரிலிருந்து வந்து இறங்கினாள். மாத்திரைப் பெட்டியைக் கண்டதும் உள்ளேயிருந்த சீட்டை எடுத்து உரக்கப் படித்தாள்.

"பால்ல கலக்கும்னு போட்டிருக்கே! குழந்தை தூங்கி வழியுமாம், சரியா குடிக்காதாம். நீ சிரிச்சுக்கிட்டு இருக்கணும்னு பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்து குடுக்குறியா?"

"டாக்டர் பால் குடுக்கலாம்னு சொன்னாங்க அண்ணி."

"சொல்லுவாங்க. டாக்டரா வந்து வளர்க்கப் போறாங்க? நானும் மூணு பெத்தேன். சோர்வாம் சோர்வு! ரெண்டு வாளித் துணிய துவைச்சிருந்தா ஓடியே போயிருக்கும்."

ஸோர்கா மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள். அந்தச் சீட்டு மட்டும் நெவேனாவின் தலைக்குள் தங்கிவிட்டது. துன்யா கொட்டாவி விட்டால் பயம், அழுதால் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம். குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மாத்திரையை நிறுத்தினால் பழையபடி பால்கனி நினைவு வந்துவிடுமே என்று அதை நிறுத்தவும் பயம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, மேல வாங்க. பாப்பா கண்ணத் திறக்க மாட்டேங்குது."

செருப்புக்கூட இல்லாமல் ஓடினேன். துன்யா அவள் மடியில் துணி மாதிரிக் கிடந்தாள். உள்ளங்காலைச் சுண்டினேன். அசைவில்லை. மறுபடி சுண்டினேன். பூனைக்குட்டி போல ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். "நான்தான் கொன்னுட்டேன், என் பால்தான்" என்று நெவேனா திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்சியில் போகும் வழியெல்லாம் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன்.

குழந்தை மருத்துவர் நடுவயதுப் பெண். எடை போட்டார். இரண்டு வாரத்தில் ஏற வேண்டிய எடை ஏறவில்லை. நூறு கிராம் குறைந்திருந்தது. இரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு நாற்காலியை இழுத்து நெவேனாவின் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் குடிப்பா?"

நெவேனா என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"நூறு எண்ணுற வரைக்கும்."

"அப்படின்னா?"

"நூறு எண்ணி எடுத்துடுவேன். கொஞ்சமா குடிச்சா மருந்தும் கொஞ்சமாத்தானே போகும்? அழுதா கெமோமில் பூ போட்டுக் கொதிக்க வச்ச தேத்தண்ணி குடுப்பேன். எங்க பக்கம் எல்லாரும் குடுக்கிறதுதான்."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"இப்பவே மாத்திரைய நிறுத்திடறேன் டாக்டர். பாப்பாவ மட்டும் எங்கிட்டேருந்து எடுத்துடாதீங்க."

"யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. திடீர்னு நிறுத்தவும் கூடாது, உனக்குத்தான் ஆபத்து. மருந்து பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும். சில குழந்தைங்க அதுக்கே தூங்கி வழியும், சிணுங்கும், அதையும் நான் பார்க்கத்தான் போறேன். ஆனா இது பசி மாதிரித்தான் எனக்குத் தெரியுது. தேத்தண்ணியில வயிறு நிறையும், எடை ஏறாது."

நெவேனா அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இருவரையும் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பரிசோதனைகளில் தொற்று எதுவும் இல்லை. முதல் நாள் பால் கொடுக்கையில் அவள் உதடு தானாக எண்ணியது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து எண்ணிக்கையைக் கெடுத்தாள். குழந்தைக்குத் தெம்பு வரும்வரை புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் துன்யா வார்டே அதிரும்படி அழுதாள். ஐந்தாம் நாள் நூற்றைம்பது கிராம் கூடியிருந்தது. அம்மா அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வீடு வந்த பிறகும் வாராவாரம் எடை போடப் போனோம். ஒவ்வொரு முறையும் தராசு முள் நிற்கும்வரை நெவேனா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொள்வாள். பயம் அவளை விட்டுப் போக மாதங்கள் ஆயின. முழுதாகப் போய்விட்டதா என்று நான் கேட்டதில்லை.

துன்யாவின் முதல் பிறந்தநாளுக்கு ஸோர்கா வந்திருந்தாள். "இன்னுமா முழுங்குற?" என்றாள். "டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறாங்க அண்ணி" என்று சொல்லி, நெவேனா அவள் எதிரிலேயே பாதி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.